பிரேக் ஆயில் ஆயிலே இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் காரை ஒரு நாள் நண்பர் ஒருவர் வாங்கி ஓட்டுகிறார். தெருமுனை தாண்டுவதற்குள் கேட்கிறார்: "என்னங்க இது, பிரேக் இவ்வளவு கீழே போய்த்தான் பிடிக்குது?" உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். "அப்படியா, எனக்கு ஒன்றும் தெரியலையே" என்பீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுப் பிள்ளை வளர்வது பெற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வருகிற உறவுக்காரர்தான் "அடேயப்பா, என்ன உயரம்!" என்பார். வண்டித் தேய்மானமும் அப்படித்தான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே நாளில் கெடுவதில்லை. நாளுக்கு ஒரு மயிரிழை தேய்கின்றன. அந்த மயிரிழைக்கு ஏற்றபடி உங்கள் காலும் கையும் பழகிக்கொள்கின்றன. கடைசியில் வண்டி கோணலாக ஓடும், நீங்களும் கோணலாகவே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பீர்கள், நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். இன்றைக்கு என்னைப் பேச அழைத்தது பிரேக், சக்கரம், ஸ்டியரிங், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆகிய நான்கையும் பற்றி. நான்குக்கும் பொதுவாக நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓட்டுகிறவருடைய உணர்வை நம்பி இவற்றைப் பராமரிக்க முடியாது. எதையாவது அளக்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேதி குறித்து வைத்து மாற்ற வேண்டும்.

பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பார்கள், இவன் பிரேக்கைத் தொட்டால் விடமாட்டான் என்று.

பிரேக் ஆயில் என்று எல்லோரும் வாய் நிறையச் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அது ஆயிலே இல்லை. இன்ஜின் ஆயில் மாதிரி மண்ணுக்கு அடியிலிருந்து வந்த எண்ணெய்க் குடும்பம் வேறு, இது வேறு. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகை திரவம். எண்ணெய் தண்ணீரோடு சேராது. இது சேரும். சேரும் என்பதைவிட, தேடிப் போய்ச் சேரும் என்றே சொல்லலாம்.

அந்தப் பெயரால் வந்த ஒரு வினையைச் சொல்கிறேன். என்னிடம் வழக்கமாக வரும் ஒருவர், வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்பவர். வாரம் தவறாமல் பானெட்டைத் திறந்து எல்லா டப்பாவையும் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருந்தது. வீட்டில் மீந்த இன்ஜின் ஆயில் இருந்தது. ஆயில்தானே, ஊற்றிவிட்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை. சில நாள் கழித்து வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். கிளட்ச் போய்விட்டது என்பது அவர் முடிவு. நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தொடவே இல்லை, அதற்குள் சூடு அடித்தது. கருகின வாடை. நான்கு சக்கரமும் அப்படியே. பெடலிலிருந்து காலை எடுத்தும் பிரேக் விடவில்லை.

நடந்தது இதுதான். பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலும், சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பரிலும் ரப்பர் சீல்கள் இருக்கின்றன. கிளைக்கால் திரவத்துக்கு என்று செய்த ரப்பர் அது. எண்ணெய் பட்டால் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். உப்பிய சீல், திரவம் திரும்பி வரும் சின்னத் துளையை அடைத்துக்கொண்டது. அழுத்தம் உள்ளேயே நின்றுவிட்டது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துச் சீல்கள், ஹோஸ்கள் என்று ரப்பர் இருந்த எதையும் விட்டுவைக்க முடியவில்லை. குழாய்களை அலசிக் காயவைத்து, புதுத் திரவம் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை எடுத்து முடிக்க மூன்று நாள் ஆனது. அவர் கேட்டாரே ஒரு கேள்வி, இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை: "அப்புறம் ஏங்க அதை ஆயில்னு சொல்றீங்க?"

அவருக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக் காட்டினேன். புது பிரேக் ஆயில் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் தண்ணீரோடு ஒன்றாகிவிடும். அவர் டப்பாவிலிருந்து எடுத்ததை இன்னொரு டம்ளரில் விட்டேன். மேலே பளபளவென்று எண்ணெய் மிதந்தது. அவ்வளவுதான் சோதனை. சிலிக்கான் வகையில் ஒன்று இருக்கிறது, டாட் 5 என்று பெயர். அது தண்ணீரோடு சேராது, மற்றதோடு கலக்கவும் கூடாது. டப்பா மூடியிலேயே எந்த வகை என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஊற்றினால் போதும்.

சரி, தண்ணீரோடு சேர்ந்தால் என்ன தப்பு? காற்றில் இருக்கிற ஈரத்தைக் கிளைக்கால் திரவம் மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. அந்த வகையில் ஒன்றான டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். திரவம் கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடலை மிதிப்பீர்கள், அது பஞ்சுக்குள் போவதுபோல் தரைவரை போகும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஓடவில்லையே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வண்டி நின்றாலும் ஈரம் ஏறும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதும் இதற்காகத்தான். மூடி திறந்த மிச்ச பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மட்டம் குறைந்தால் உடனே ஊற்ற வேண்டாம் என்று நான் சொன்னால் பலர் முறைக்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தைத் திரவம் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். அந்த டப்பா உங்களிடம் ஏதோ சொல்கிறது. பேட் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. எது என்று பார்க்காமல் ஊற்றினால் அதன் வாயை மூடியதுபோல் ஆகும். அப்புறம் புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, ஊற்றியதெல்லாம் பொங்கி வெளியே வரும். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பிஸ்டன் என்றதும் என் பழைய வெட்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. தொழில் பழகிய முதல் வருடம். நானே தனியாகப் புது பேட் மாட்டி, சக்கரம் பூட்டி, பெருமையோடு வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிரேக்கை மிதித்தேன். கால் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. பின்னால் அடுக்கியிருந்த பழைய டயர்கள்தான் என்னைக் காப்பாற்றின. உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடி பேடைத் தொடும்வரை பெடலைப் பல தடவை மிதிக்க வேண்டும். வண்டி ஓர் அங்குலம் நகர்வதற்கு முன்னால் மிதிக்க வேண்டும். ஹெட் மெக்கானிக் அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. டயரை எல்லாம் என்னையே மறுபடி அடுக்க வைத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை சக்கரம் பூட்டியதும் என் கால் தானாகப் பெடலுக்குப் போகும்.

பெடல் பேசும் மொழியையும் சொல்லிவிடுகிறேன். மெத்துமெத்தென்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று. சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல் மேல் சந்தேகம். வேகத்தில் மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை என்று அர்த்தம். அவசரமாக மிதிக்கும்போது மட்டும் தடதடவென்று துடித்தால் பயப்படாதீர்கள், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. காலை எடுத்துவிடக் கூடாது.

அடுத்தது சக்கரம். டயரைப் படிக்கக் கண்ணைவிட உள்ளங்கை நல்லது. உள்பக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத் தடவுங்கள், என் விரலில் தழும்பு இருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி பிடிக்கிறது என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் ஷாக் அப்சார்பர் கதை. காற்று எவ்வளவு என்பதை டயர் பக்கச் சுவரில் தேடாதீர்கள். அங்கே எழுதியிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு உரியது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் தொய்ந்துபோகும்.

வீல் நட் விஷயத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஸ்பானர் மேல் ஏறிக் குதித்து முறுக்குகிறவர்களோடும், ஏர் கன்னால் தடதடவென்று அடிக்கிறவர்களோடும். இறுக்கம் அதிகமானால் பத்திரம் என்ற நினைப்பு. அதிகமானால் போல்ட் இழுபட்டு மெலியும், டிஸ்க்கும் கோணும். போன வாரம் சக்கரம் கழற்றி மாட்டினோம், இந்த வாரம் பிரேக் மிதித்தால் அதிருகிறது என்று வருகிறவர்கள் உண்டு. பல சின்னக் கார்களுக்கு வேண்டியது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவுதான். சரியான எண் உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். அப்புறம் ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

நேரம் ஓடிவிட்டது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எல்லோரும் நேரே அலைன்மென்ட்டுக்குத்தான் போகிறார்கள். சக்கரத்தைத் திருப்பும் டை ராட் எண்டோ, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டோ ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் செய்வது, ஆடுகிற முளையில் கயிறு கட்டி அளப்பதுபோல. முதலில் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு மேலும் கீழுமாக. இட வல ஆட்டம் பெரும்பாலும் டை ராட் பக்கம். மேல் கீழ் ஆட்டம் என்றால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். ஆட்டத்தைத் தீர்த்துவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அப்படியும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால் இது வேண்டாம். இழுக்கும் பக்கமும் மாறினால் குற்றம் டயரில். திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அது ஸ்டியரிங் இல்லை, பெரும்பாலும் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட், அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. சஸ்பென்ஷனுக்கு என்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், பிரேக் அதைச் சாப்பிட்டுவிட்டது. முக்கியமானது மட்டும். ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் வழிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சின்னப் பள்ளத்தில் லொட லொட சத்தம் என்றால் முதலில் சஸ்பென்ஷனில் இருக்கும் சின்னக் கம்பியான லிங்க் ராடைப் பாருங்கள், விலை குறைந்த பொருள், பழி மட்டும் பெரிய பாகங்கள் மேல் விழும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றுகிறவர்கள் வண்டி தூக்கில் தொங்கும்போதே போல்ட்டைக் கடைசிவரை இறுக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் தொடவே வேண்டாம்.

ஒரு விரல் ஆகிவிட்டது. வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி உள்ளே தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு வைத்துவிட்டுக் குனியுங்கள். அந்த இன்ஜின் ஆயில் நண்பர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் டப்பா மூடியில் 'ஆயில் அல்ல' என்று நான் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.