முதலில் கொடுங்கள், கணக்கை அப்புறம் பாருங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் முதற்குடி மக்களும் அரசும் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வதிவிடப் பள்ளிகள், உடன்படிக்கைகள், நிலம் என்று பேச எவ்வளவோ உண்டு. நான் இன்று ஜோர்டன் கோட்பாடு என்ற ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் அரசுத் துறை மனம் வைத்தால் என்ன நடக்கும், மனம் வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு விதியிலேயே பார்த்துவிடலாம்.

மனிற்றோபா மாகாணத்தின் வடபகுதியில் நோர்வே ஹவுஸ் என்று, முதற்குடி இனங்களில் ஒன்றான கிறீ மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. அந்தச் சமூகத்துக் குழந்தை ஜோர்டன் ரிவர் அண்டர்சன். 1999இல் பிறந்தான். பிறவியிலேயே கடுமையான நோய். மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் மருத்துவமனையிலேயே வளர்ந்தான். இரண்டு வயதானபோது, சரியான வசதிகள் செய்து கொடுத்தால் இனி வீட்டுச் சூழலில் வளரலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவை யார் கொடுப்பது என்பதில்தான் மத்திய அரசும் மாகாண அரசும் மல்லுக்கட்டின. குளிக்க வைப்பதற்கான ஷவர் குழாய் வரைக்கும் வாக்குவாதம் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தார்கள். 2005இல், ஐந்து வயதில், தன் குடும்பத்தின் வீட்டில் ஒரு நாள்கூட வாழாமல் அந்தப் பிள்ளை மருத்துவமனையிலேயே இறந்தான்.

ஏன் இப்படி? 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி முதற்குடி மக்கள் தொடர்பான பொறுப்பு மத்திய அரசுக்கு. மருத்துவமனை, பள்ளி, சமூக சேவை எல்லாம் மாகாணத்துக்கு. உங்கள் பிள்ளைக்கோ என் பிள்ளைக்கோ ஒன்று என்றால் மாகாணம் பார்த்துக்கொள்ளும். ஒதுக்கு நிலத்தில், அதாவது முதற்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், வாழும் பிள்ளைக்கு என்றால், அது அவர்கள் பாடு என்று இவர்களும், இவர்கள் பாடு என்று அவர்களும் கையைக் காட்டுவார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் சொல்லச் சட்டபூர்வமான காரணம் இருக்கும். பிள்ளைக்குத்தான் ஒன்றும் இருக்காது.

இதற்கு விடையாக வந்ததுதான் ஜோர்டன் கோட்பாடு. விஷயம் மிக எளிது. எந்த அரசிடம் முதலில் கேட்கப்படுகிறதோ அந்த அரசு செலவைக் கொடுத்துவிட வேண்டும். பங்குக் கணக்கைப் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏகமனதாக இதை ஏற்றது. எல்லாக் கட்சியும் கை தூக்கின.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான். தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. யாருக்கு அது பொருந்தும் என்று வரைவிலக்கணம் எழுதியது மத்திய அரசின் துறை. பல குறைபாடுகள் உள்ள, பல சேவைகள் தேவைப்படும் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றார்கள். இரண்டு அரசுகளுக்கும் இடையில் தகராறு இருக்கிறது என்பதும் நிரூபணமாக வேண்டும் என்றார்கள். அந்த வாசலுக்குள் ஒரு பிள்ளையும் நுழைய முடியவில்லை. இதற்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து ஒரு டாலரும் எடுக்கப்படவில்லை.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் பிக்டு லாண்டிங் என்ற முதற்குடி ஊரில் ஒரு தாய், கடும் ஊனமுள்ள தன் மகனைத் தனியாளாகப் பார்த்துவந்தார். 2010இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஊர்ச் சபை தன் கைப்பணத்தைப் போட்டுப் பராமரிப்பை ஏற்றுக்கொண்டு, மத்திய அரசிடம் கேட்டது. மாதம் 2,200 டாலருக்கு மேல் மாகாணமும் தருவதில்லை, நாங்களும் தருவதில்லை, ஆகவே இங்கே தகராறே கிடையாது என்று பதில் வந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருவரும் சேர்ந்து மறுத்துவிட்டால் விதி பொருந்தாதாம்! 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. விசேஷ நிலைமைகளில் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வரம்பைத் தாண்டியும் கிடைக்கும்போது இந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பெரிய மாற்றம் வந்தது அதற்கும் பிறகுதான். சிண்டி பிளாக்ஸ்டொக் தலைமையிலான குழந்தைகள் நல அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் 2007லேயே மனித உரிமை முறைப்பாடு செய்திருந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், முதற்குடிப் பிள்ளைகளிடம் மத்திய அரசு பாகுபாடு காட்டியது என்று கனடா மனித உரிமைகள் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு காலக்கெடுவும் விதித்தது. அவசர விண்ணப்பம் என்றால் 12 மணி நேரம், சாதாரண விண்ணப்பம் என்றால் 48 மணி நேரம். அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்புறம்தான் சக்கர நாற்காலியும், பேச்சுப் பயிற்சியும், மருந்தும் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. முன்பு ஒரு பிள்ளைகூட நுழைய முடியாதிருந்த அதே விதியின் கீழ் மில்லியன் கணக்கில் சேவைகள் அனுமதிக்கப்பட்டன. பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். கடந்துபோன அநீதிக்கு இழப்பீடாக 23 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 2023இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. முதலிலேயே கொடுத்திருந்தால் இதில் எத்தனை வழக்கும் எத்தனை துயரமும் மிச்சமாகியிருக்கும்!

நிலைமை இப்போது மீண்டும் இறுகுகிறது. 2024இல் பார்க்கப்படாத விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிக் குவிந்தன. 2025 தொடக்கத்தில் துறை நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. 12 மணி நேரத்தில் பதில் வர வேண்டிய கடிதம் மாதக்கணக்கில் கிடக்கிறது என்று தாய்மார் சொல்கிறார்கள்.

இந்த நாட்டில் நாமும் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வருவார். நம்முடைய கோரிக்கைகளைக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஜோர்டன் கோட்பாட்டின் கீழ் இன்றைக்கு எத்தனை விண்ணப்பங்கள் காலக்கெடு தாண்டிக் கிடக்கின்றன, அதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.