பிடித்தம் என்றால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

காது கேளாத இளைஞர் ஒருவர் வேலை தொடர்பான ஆலோசனைக்கு வந்திருக்கிறார். எதிரே மறுவாழ்வு ஆலோசகர், அவர் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். சம்பளச் சீட்டைக் காட்டி, "பிடித்தம் இவ்வளவு" என்கிறார் ஆலோசகர். சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையைச் சொல்கிறார். அந்தச் சொல் பழகாத மொழிபெயர்ப்பாளர் அதை 'விருப்பம்' என்று சைகையில் சொல்லிவிடலாம். இளைஞரும் தலையாட்டுவார். முதல் மாதம் சம்பளம் குறைவாகக் கைக்கு வரும்போதுதான் பிரச்சினை தெரியும். இருவரும் தத்தம் வேலையில் தேர்ந்தவர்களாக இருந்தாலும் இது நடக்கும், ஒன்றாகப் பயிற்சி எடுக்காததால்.

மொழிபெயர்ப்பாளர்களின் பயிற்சிக்கு இன்று வழி இருக்கிறது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், மொழிபெயர்ப்புக்கு 2 ஆண்டு டிப்ளமோ நடத்துகிறது. அந்த மையம் 2021இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. சட்டம், நிர்வாகம், மருத்துவம், தொழில்நுட்பம், வேளாண்மைச் சொற்களும் அதில் அடக்கம். வீடியோக்களை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் அகராதியை மனப்பாடம் செய்தால் மட்டும் மொழி வந்துவிடாது. இந்திய சைகை மொழியில் 'என்ன', 'எங்கே' போன்ற வினாச்சொற்கள் பொதுவாகக் கடைசியில் வரும். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவம் உயரவேண்டும். கை மட்டும் அசைந்து முகம் சும்மா இருந்தால், "வேலைக்கு வருகிறீர்களா?" என்பது "வேலைக்கு வருகிறீர்கள்" என்று ஆகிவிடும். ஊருக்கு ஊர் சைகைகளும் மாறும். ஆகவே அந்தந்தப் பகுதியின் காது கேளாதவர்களோடு பழகித்தான் தீரவேண்டும்.

ஆலோசகர்களுக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். வந்தவரைப் பார்த்தே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள், இருவர் முகமும் ஒரே பார்வையில் வந்தவருக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். வெளிச்சம் முதுகில் விழுந்தால் முகமும் கையும் இருட்டாகிவிடும். பேச்சு தொடங்க 10 நிமிடம் முன்பே சம்பளச் சீட்டு, இயந்திரப் பாகங்களின் பெயர்கள், வேலை விவரம் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகுமென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். களைப்பு வந்தால் முதலில் சொற்கள் விடுபடும், விடுபட்டது அவருக்கே தெரியாது.

திறனறித் தேர்வில் இன்னும் கவனம் வேண்டும். வாசித்து எழுதும் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், அது தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள தடுமாற்றமாக இருக்கலாம். அதை அறிவுக்குறைவு என்று பதிந்துவிட்டால், அவருக்குப் பொருந்தும் வேலை கைநழுவிப் போகும். செய்துகாட்டும் தேர்வையும் சேர்த்து வையுங்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். அதற்கு எப்போதும் தலையாட்டல்தான் பதில். "முதல் நாள் எத்தனை மணிக்கு, எந்த வாசலில், யாரைப் பார்ப்பீர்கள்? சம்பளத்தில் எவ்வளவு கையில் வரும்?" என்று கேளுங்கள். அவர் தாமாகச் சொல்லும் பதிலில், தவறு எங்கே நுழைந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.