சட்டையில் வந்த வாசனை

இரவு ஒன்பதரை மணி. பதினாலு வயதுப் பையன் வீட்டுக்குள் நுழைகிறான். சட்டையில் சிகரெட் வாசனை. அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் மூன்று மூச்சு விட்டு நிற்க உங்களில் எத்தனை பேரால் முடியும்? கை தூக்க வேண்டாம். நானும் தூக்க மாட்டேன்.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு குடும்பப் பயிற்சியை வடிவமைத்தது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கானது. வாரத்துக்கு ஒரு தடவை, 2 மணி நேரம், மொத்தம் 7 வாரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அப்புறம் எல்லோரும் ஒன்றாக. கூட்டாளி நீட்டுவதை எப்படி மறுப்பது என்று பிள்ளைகள் பழகுகிறார்கள். அன்பும் வேண்டும், கண்டிப்பும் வேண்டும் என்பது பெற்றோருக்கான பாடம். குடியும் புகையும் தொடங்கும் வயதைத் தள்ளிப்போட இது உதவியது.

சரி, இந்தப் பாடம் நமக்குத் தெரியாததா? தெரியும். அந்த ஒன்பதரை மணிக்குத்தான் மறந்துபோகிறது. டக் கோட்ஸ்வொர்த், லாரிசா டங்கன், மார்க் கிரீன்பெர்க் ஆகிய ஆய்வாளர்கள் பென்சில்வேனியாவில் இந்தப் பயிற்சியோடு மனவிழிப்பை, அதாவது அந்தந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பழக்கத்தைச் சேர்த்தார்கள். பிள்ளை பேசும்போது முழுசாகக் கேட்பது, நம் கோபம் ஏறுவதை நாமே கவனிப்பது, உடனே தீர்ப்புச் சொல்லாதது, பிள்ளை மீதும் நம் மீதும் இரக்கம் வைப்பது. இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். நேற்று கத்திவிட்ட அம்மா, இன்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

432 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. புதிய பயிற்சி பழையதை எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை; பெரும்பாலும் சமமாகவே நின்றது. சில விஷயங்களில்தான் பலன் கூடுதலாக இருந்தது, நீடித்தும் இருந்தது. குறிப்பாக அப்பாக்களிடம். அம்மாக்களே, சிரிக்காதீர்கள்! அப்பாக்கள் கற்றுக்கொள்ள நிறைய மிச்சம் இருந்தது போல.

மூச்சு விட்டால் கண்டிப்பே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். போனை ஒரு வாரம் வாங்கி வையுங்கள், வெளியே போவதை நிறுத்துங்கள். அதெல்லாம் நாளைக் காலையில். இப்போது வாசலில் நிற்பவனிடம் முதலில் என்ன சொல்லப்போகிறீர்கள்? "எங்கடா போய்த் தொலைஞ்ச" என்பது எல்லோர் நாக்கிலும் தயாராக இருக்கிறது. மூன்று மூச்சுக்குப் பிறகு, "சாப்பிட்டியா? உட்காரு. சட்டையில வாசனை வருது, பேசணும்."