திட்டம் சொதப்பும்போது வரும் சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். நகைச்சுவை த்ரில்லர் படங்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். சென்னையில் எடிட்டிங் அறைகளில் உதவியாளனாகப் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வைத்தே பேசுகிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் படம் ‘சூது கவ்வும்’.

அது 2013 மே 1-ம் தேதி வெளியானது. நம் கரையில் அப்போது மீன்பிடித் தடைக்காலம். இப்போது தடை 61 நாள். அந்த வருடம் 45 நாள்தான், ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து மே 29 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வலையைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டிருப்பார்கள், இன்ஜின் வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் காசு குறைவு, நேரம் நிறைய. அப்படி ஒரு கோடையில், பெரிய நட்சத்திரம் என்று யாரும் இல்லாமல் வந்த படம் அது. விஜய் சேதுபதி அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தார். இயக்குநர் நலன் குமாரசாமிக்கு முதல் படம். ‘நாளைய இயக்குநர்’ என்ற தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி வழியாக வந்தவர் அவர். தயாரிப்பாளர் சி. வி. குமார், இசை சந்தோஷ் நாராயணன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தாஸ் என்று ஒரு ஆள், ஆள் கடத்தலையே தொழிலாக வைத்திருக்கிறார். வேலையில்லாத மூன்று இளைஞர்கள் அவரோடு சேர்கிறார்கள். தாஸிடம் ஐந்து விதிகள் உண்டு. அதிகாரத்தில் இருக்கிற ஆள் மேல் கை வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அந்த விதியை மீறி ஒரு அமைச்சரின் மகனைக் கடத்தப் போகிறார்கள். போன இடத்தில் பார்த்தால், அந்த மகனே தன்னைக் கடத்திவிட்டதாக நாடகம் ஆடி அப்பாவிடம் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பாவோ லஞ்சமே வாங்காத மனிதர்.

இந்தப் படத்தில் ‘காமெடி ட்ராக்’ என்று தனியாக ஒன்று கிடையாது. முன்பெல்லாம் கதையை ஒருவர் எழுதுவார், காமெடியை இன்னொருவர் எழுதுவார், சில சமயம் தனியாக எடுத்தும் சேர்ப்பார்கள். கொலை, துரத்தல் என்று கதை இறுகும்போது நகைச்சுவை நடிகர் வந்து ஜனங்களுக்கு மூச்சு விட இடம் கொடுப்பார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காட்சிகளை இன்றைக்கும் நாம் ரசிக்கிறோம். ஆனால் அதில் சிரிப்பு வரும்போது பதற்றம் நின்றுவிடும். ‘சூது கவ்வும்’ மாதிரிப் படத்தில் பதற்றம் ஏறுவதால்தான் சிரிப்பு வருகிறது. விதிகளை நமக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா, ஒவ்வொன்றாக உடையும்போது அடுத்து என்ன ஆகும் என்ற பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

அந்த இன்ஸ்பெக்டரை நினைத்துப் பாருங்கள். யோக் ஜேப்பி நடித்த பிரம்மா. அதிகம் பேசாத ஆள், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். கடைசியில் பின்னால் இடுப்பில் செருகும் தன் துப்பாக்கியே வெடித்து அடிபடுகிறார். அந்தக் காட்சிக்கு முன்பு எங்கேயாவது அவரைக் கோமாளியாகக் காட்டியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். பயம் நிஜமாக இருந்ததால்தான் கொட்டகை வெடித்தது. எம். எஸ். பாஸ்கரும் அப்படியே. நேர்மையான அமைச்சராக அவர் ஒரு இடத்தில்கூட நம்மைச் சிரிக்க வைக்க முயற்சி செய்வதில்லை. மகனாக வரும் கருணாகரன் முகத்தில் எதையுமே காட்டாமல் வந்து நிற்கிறார். நடிகருக்கு அது காமெடி என்று தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. இது சொல்வதற்கு லேசு, செய்வது ரொம்பக் கஷ்டம்.

எடிட்டிங் மேசையில் இந்த வகைப் படம் தரும் தலைவலி ஒன்றைச் சொல்கிறேன். வசனம் முடிந்ததும் கொட்டகை சிரிக்கும். அந்தச் சத்தத்தில் அடுத்த வசனம் முங்கிப்போகும். சாதாரண நகைச்சுவைப் படத்தில் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தை ஒரு ஒன்றரை நொடி போட்டுவிடலாம். நொடிக்கு 24 ஃபிரேம், ஆக 36 ஃபிரேம். அதற்குள் சிரிப்பு அடங்கிவிடும். த்ரில்லரில் அந்த 36 ஃபிரேமைக் கொடுத்தால் கதை தொய்ந்துபோகும். கூட்டம் குறைவான மதியக் காட்சியில் சிரிப்பும் குறைவாக வரும், அப்போது அந்த இடைவெளி இன்னும் வெறிச்சென்று தெரியும். கொடுக்காவிட்டால் முக்கியமான தகவல் காதில் விழாது, அடுத்த திருப்பம் புரியாது. அதனால் என்ன செய்வோம் என்றால், சிரிப்பு வரும் என்று நினைக்கிற இடத்துக்கு அடுத்து வசனமே வைக்க மாட்டோம். கதவு திறக்கும், பை கை மாறும், வண்டி திரும்பும். காது அடைத்திருக்கிற நேரத்தில் கண்ணுக்கு வேலை கொடுப்பது. அந்தப் பை கை மாறியதை ஜனங்கள் சிரித்துக்கொண்டே கவனித்திருப்பார்கள். இதை எடிட்டிங்கில் புதிதாக உண்டாக்க முடியாது. எழுதும்போதே யோசித்து, அந்த ஷாட்டை எடுத்து வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு. பணம் எங்கே என்று நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது, கூட்டாளிக்குப் பாதி தெரியும். இதில் ஒரு இடம் பிசகினாலும் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் அதில் கெட்டி.

படம் நன்றாக ஓடியது. கானா பாலா குரலில் ‘காசு பணம் துட்டு மணி’ பாட்டு எல்லாத் திருவிழாவிலும் ஒலித்தது. ஒரு வருத்தமும் அப்போது இருந்தது. நான் மதிக்கிற பெரியவர்கள் பலரே கேட்டார்கள்: “திருடன் ஜெயிக்கிறான், நல்லவர் தோற்கிறார், இதைப் பார்த்தா தம்பி சிரிக்கிறீர்கள்?” படத்தின் பெயர் பாஞ்சாலி சபதத்தில் பாரதியார் எழுதிய ‘தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும்’ என்ற வரியிலிருந்து எடுத்தது. பாரதி அதோடு விடவில்லை, தருமம் மறுபடி வெல்லும் என்றும் சேர்த்தே சொல்கிறார். படமோ பாரதி சொன்னதில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களின் கேள்வி நியாயமானது. ஆனாலும் நேர்மையான அப்பாவின் இடத்தில் அந்த மகன் போய் உட்காரும்போது கொட்டகையில் சிரிப்பு கொஞ்சம் இறங்கியதை நான் கேட்டிருக்கிறேன். ஜனங்கள் கைதட்டிய இடம் வேறு, மௌனமான இடம் வேறு.

வரவேற்பு என்று பேசும்போது ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்தது. அதுவும் கடத்தல் சொதப்பும் கதைதான். 2005 ஏப்ரல் 14-ல், ‘சந்திரமுகி’ வந்த அதே நாளில் வெளியாகி, கூட்டம் இல்லாமல் போனது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த அந்தப் படத்தின் தோற்றமும் அன்றைக்குப் புதுசு. பிறகு டிவியில் பார்த்துப் பார்த்துத்தான் பலருக்கு அது பிடித்தது. இந்த வகைப் படத்துக்கு இரண்டாவது தடவை பார்க்கிற ஆள் ரொம்ப முக்கியம்.

சரி, நம் கரைக்கு வருகிறேன். நம்மிடம் இப்படி ஒரு கதை இல்லையா? கடலில் போட்ட திட்டம் எல்லாம் காற்றைப் பொறுத்தது. இன்ஜின் நின்று ராத்திரி முழுக்கத் தவித்ததைக்கூட மறுநாள் டீக்கடையில் நம் ஆட்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். ஆனால் சினிமாவில் ராமேசுவரம் என்றால் சோகம், இல்லாவிட்டால் கோயில். தனுஷ்கோடி என்றால் இடிந்த சர்ச் முன்னால் ஒரு பாட்டு. அதற்கு மேல் யோசிப்பதில்லை.

கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், கடலடியில் ஊர்கிற மெத்தென்ற உயிரினம் அது. 2001-லிருந்து அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை. மண்டபம், வேதாளை பக்கம் பறிமுதல் என்று பேப்பரில் வந்தபடி இருக்கிறது. தடை வருவதற்கு முன்பு அதைப் பக்குவம் செய்ததைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து வைத்து, தோண்டி எடுத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயப்போடுவார்கள். பணப் பையை ஒளித்து வைக்கலாம், இந்த வாடையை எங்கே ஒளிப்பது? அதைவிட முக்கியம், காய்ந்தால் அப்படிச் சுருங்கிவிடும். பச்சையில் இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இப்போது மூன்று பேர் கூட்டு. பணம் போட்டவன் வெளியூர்க்காரன், கடலே பார்க்காதவன். பச்சை அட்டையை அவன் கண் முன்னால் எடை போட்டாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துக் காய்ந்ததை எடை போடுகிறார்கள். மிச்சத்தை யாரோ திருடிவிட்டதாக அவன் நிச்சயம் நம்புவான். சுருங்கும் என்பது மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவன் நிஜமாகவே கொஞ்சம் எடுத்திருக்கிறான். அது நமக்கு மட்டும் தெரியும். வெளியே வனத்துறை ஜீப் வந்து நிற்கிறது, காற்று வீட்டுப் பக்கமிருந்து ஜீப் பக்கம் அடிக்கிறது.

இது மண்டபத்திலோ தொண்டியிலோ பிறந்தவர் எழுத வேண்டிய காட்சி. எழுதுகிற தம்பி தங்கைகள், வசனத்துக்குப் போகும் முன் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிவிடுங்கள். அந்த ஜீப் ஓட்டுநருக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.