குழுவின் நடுவே ஒரு பிரச்சினை

நேயர்களுக்கு வணக்கம். குழு உளசிகிச்சை என்றதும், ஆளுக்கொரு குறையைச் சொல்லி ஆறுதல் பெற்றுச் செல்லும் கூட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆறுதல் கிடைப்பது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பதில் அது ஒரு சிறு பகுதியே. தன் பிரச்சினை இன்னதென்று முடிவுகட்டிக்கொண்டு வருகிறவர்கூட, ஏழெட்டுப் பேர் முன்னிலையில் அதைச் சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடும்போது, அதன் உருவமே மாறிப்போவதைக் காண்கிறார்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். "நான் பிறவி முன்கோபி" என்கிறார் ஒருவர். உடனே ஆளாளுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினால், அந்தப் பட்டம் அவர்மீது இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். மாறாக, "சென்ற வாரம் நான் உங்கள் பேச்சில் குறுக்கிட்டேன், அப்போது நீங்கள் கோபப்படவில்லையே, ஏன்?" என்று ஒருவர் கேட்கிறார். இவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் என்னை மட்டம் தட்டவில்லை என்று தெரிந்தது" என்கிறார். அதுவரை பிறவிக் குணமாக இருந்தது, இப்போது அவமதிப்பைக் குறித்த அச்சமாகப் பேசப்படுகிறது. குணத்தை என்ன செய்வது? அச்சத்தைப் பற்றியோ மேலும் பேசலாம். அதே அச்சம் தனக்கும் உண்டென்று இன்னொருவர் சொல்லவும் கூடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1905ஆம் ஆண்டு மருத்துவர் ஜோசப் பிராட் காசநோயாளிகளை ஒன்றுகூட்டி நடத்திய வகுப்புகளை இம்முறையின் முன்னோடியாகச் சொல்வதுண்டு. எனினும், நாம் பேசும் பொருளுக்கு நெருக்கமானது, நார்வே நாட்டு மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1985இல், குடும்ப சிகிச்சையில், செய்துபார்த்த மாற்றம்தான். அதுவரை, ஒருபுறமிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய கண்ணாடித் திரைக்குப் பின்னிருந்து குடும்பத்தினரைக் கவனித்துவந்த சிகிச்சையாளர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் குடும்பத்தினரே கேட்கும்படி அவர் செய்தார். தம்மைப் பற்றிய பேச்சை, உடனே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமின்றிக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

பேசினாலே மாற்றம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரே புலம்பலை வாரந்தோறும் ஆமோதித்துக்கொண்டிருக்கும் குழு, பிரச்சினைக்கு உரம்தான் போடுகிறது. அத்தகைய வேளையில், எல்லோரும் தலையாட்டும்போது வாய்திறக்காமல் இருந்தவரை நோக்கி, "உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றுகிறதா?" என்று கேட்பது சிகிச்சையாளரின் வேலை.