எந்தப் பக்கம் உதைக்குது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கம் மல்லிகைப்பூ விவசாயம். விடிவதற்கு முன்பே பெண்கள் டார்ச் விளக்கோடு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். மூன்று மணி நேரம் குனிந்த முதுகு நிமிராது.

அப்படிப் பூப்பறிக்கும் ஒரு பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பரிசோதனைக்கு வந்தாள். இரண்டாவது கர்ப்பம், 39 வாரம். அன்றைக்கும் பூப் பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வரிசையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, "ஏம்மா, என்ன செய்யுது?" என்றேன்.

"ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு நர்ஸம்மா. குனிஞ்சு பறிச்சா இன்னும் ஜாஸ்தியாகுது. வயித்துல ஒரு வலியும் இல்ல."

கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கைக்குக் கீழே வயிறு கல் மாதிரி இறுகியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தாள். ஒரு நிமிடத்தில் வயிறு தளர்ந்தது. நாலு நிமிடம் கழித்து மறுபடி இறுகியது. பிரசவ வலியோடுதான் அவள் பூப் பறித்திருக்கிறாள். வயிற்றில் வலி இல்லாததால் அவளுக்கே அது தெரியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே, சின்னத் தட்டை வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம். தொப்புளைச் சுற்றி எங்கே தொட்டாலும் குழந்தையின் முட்டியும் பாதமுமாகத் தட்டுப்பட்டது. முதுகு கைக்கு அகப்படவே இல்லை. இதயத் துடிப்பைத் தேடினால் வலது விலாப்பக்கம் ஓரமாகக் கேட்டது. குழந்தை தலைகீழாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு, முகத்தை முன்பக்கம் காட்டி இருந்தது. இப்படி இருக்கும் பிள்ளையை 'வானம் பார்த்த பிள்ளை' என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பிற்பகலில் பிரசவம் ஆனது. முகம் மேலே பார்த்தபடியேதான் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

குழந்தை வயிற்றில் எப்படி இருக்கிறது என்பதையும், கடைசி மாதங்களில் வரும் முதுகுவலி, இடுப்புவலியையும் சேர்த்துப் பேச நான் விரும்பியது அந்தப் பெண்ணை நினைத்துத்தான். இரண்டுக்கும் முதல் கருவி உங்கள் கைதான்.

வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் இருப்பை அறியும் முறையை, நான்கு படிகளாக வகுத்துக் கொடுத்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் லியோபோல்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் வகுத்ததைத்தான் இன்றும் செவிலியர் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த அளவுக்கு உங்களுக்குத் தேவையில்லை. வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று தலையணையைச் சாய்த்துவைத்து, அதில் சரிந்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், சில்லென்ற கை பட்டால் வயிறு இறுகும். இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து, ஒரு கையை அசைக்காமல், மற்றக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாக, வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். அது முதுகு. எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன முண்டுகளாக, தொட்டால் நழுவி ஓடும். அவை கையும் காலும். பிறகு விலாவுக்குக் கீழே, வயிற்றின் உச்சியில் பாருங்கள். உரித்த தேங்காய்போல உருண்டையாக, கெட்டியாக, இரண்டு கைக்கு நடுவே தனியாக ஆடினால் அது தலையாக இருக்கலாம். மெத்தென்று, அவ்வளவு உருண்டையாக இல்லாமல், அசைத்தால் உடம்பும் சேர்ந்து அசைந்தால் அது பிட்டம். பிட்டம் மேலே என்றால் தலை கீழே.

கையால் கண்டுபிடிக்க வரவில்லையா, உதையைக் கவனியுங்கள். பலமான உதை விலாவுக்குப் பக்கத்தில், ஒரு பக்கமாக விழுந்தால், பெரும்பாலும் தலை கீழே இருக்கிறது, முதுகு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அடிவயிற்றில், மூத்திரப்பையின் மேலேயே உதை விழுந்தால், தலை மேலே இருக்கக்கூடும். தொப்புளைச் சுற்றி முன்பக்கமே எல்லா உதையும் விழுந்தால், அந்தப் பூப்பறிக்கும் பெண்ணுக்கு இருந்ததுபோல முகம் முன்பக்கம் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். நஞ்சு, அதாவது குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சுக்கொடி, முன்பக்கம் ஒட்டியிருந்தால் மெத்தை போட்டதுபோல உதை அமுங்கிப்போகும், கைக்கும் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அனுபவப்பட்ட கையும் தப்பாகச் சொல்வது உண்டு. ஸ்கேன்தான் உறுதி செய்யும். ஆனாலும் பரிசோதனைக்குப் போகும்போது, "எனக்கு எல்லா உதையும் இடது பக்கம், மேலே விழுது சிஸ்டர்" என்று சொல்கிற பெண் எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறாள். அதனால்தான் வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் 'எந்தப் பக்கம் உதைக்குது?' என்று கேட்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏழாம் மாத ஸ்கேனில் 'தலை மேலே இருக்கிறது' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வளைகாப்பு வீட்டில் அழுதுகொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 28 வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் இருக்கும். அப்போது உள்ளே புரள நிறைய இடம் இருக்கிறது. மாதம் நிறைவதற்குள் பெரும்பாலானவை தானாகத் திரும்பிவிடும். கடைசியில் தலை மேலேயே தங்குவது நூற்றில் மூன்று, நாலு குழந்தைகள்தான். 36 வாரத்துக்கு மேலும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். வெளியிலிருந்து கையால் மெதுவாகத் திருப்பும் சிகிச்சை இருக்கிறது. ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்து, அவசரமானால் ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே அதைச் செய்வார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும். எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கித் திருப்பிவிடுகிறேன் என்று வீட்டில் யார் சொன்னாலும் விடாதீர்கள். நஞ்சு பிரிந்து ரத்தப்போக்கு வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து.

வயிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கூம்பாக இருக்கிறதா பரந்திருக்கிறதா என்று பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். குழந்தை படுத்திருக்கும் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி, முகம் முன்பக்கம் வைத்திருக்கும் குழந்தைக்கு வருகிறேன். பிரசவ வலி தொடங்கும் நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது குழந்தைகள் இப்படி இருக்கும். வலி கூடக் கூட, பெரும்பாலானவை சுழன்று சரியாகிவிடும். கடைசிவரை அப்படியே பிறப்பது நூற்றுக்கு ஐந்து போல. பின்மண்டை தாயின் முதுகெலும்புப் பக்கம் அழுத்துவதால் வலி இடுப்பில் கூடுதலாகத் தெரியலாம், பிரசவ நேரமும் நீளலாம்.

'குனிந்து தரை துடைத்தால் குழந்தை திரும்பும்' என்று மாமியார்கள் சொல்வார்கள். வெளிநாட்டுச் செவிலியர்களும் இதைப்போல ஒன்றை நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 37 வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம், கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை அசைக்கச் சொன்னார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பிறக்கும்போது குழந்தை இருந்த நிலையில் வித்தியாசம் இல்லை. ஆகவே, 'நீ ஒழுங்கா குனிஞ்சு வேலை செஞ்சிருந்தா இப்படி ஆயிருக்காது' என்று எந்தப் பெண்ணையும் யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு என் முன்னால் கண்கலங்கிய பெண்கள் நிறையப் பேர்.

ஆனால் முதுகுவலிக்கு அதே நிலை சுகம் தரும். வயிற்றின் பாரம் முதுகைவிட்டு இறங்கித் தொங்குகிறது அல்லவா? பாயில் கையும் முழங்காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிறதுபோல முதுகை மேலே வளைத்து, மெதுவாகச் சமப்படுத்துங்கள். கீழே குழிய விடாதீர்கள். பத்துத் தடவை போதும். முழங்கால் வலித்தால் மடித்த போர்வையை வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கர்ப்பத்தில் எட்டாம் மாதம் எனக்கு இடுப்புவலி. கட்டிலிலிருந்து எழுந்தால் அடி எடுத்து வைக்க முடியாது. மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்றார். நானும் பொறுத்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வலி வருகிறது என்பதற்காக, அதைச் சும்மா சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரசவத்துக்காக இடுப்பு மூட்டுகளின் நார்கள் தளர்கின்றன. வயிற்றின் கனம் முன்னால் இழுக்க, முதுகு பின்னால் வளைந்து தாங்குகிறது. தளர்ந்த மூட்டு, கூடிய பாரம், இதுதான் காரணம்.

குடத்தை ஒரு பக்க இடுப்பில் தூக்காதீர்கள். தளர்ந்த இடுப்பு மூட்டு ஒரு பக்கமாக இழுபடும். தண்ணீரை இரண்டு சின்ன வாளியில் பிரித்து எடுங்கள், அதைவிட, வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும். இடது பக்கமோ வலது பக்கமோ ஒருக்களித்துப் படுங்கள். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்க வேண்டாம். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அமுக்கி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தூக்கத்தில் மல்லாந்து விழித்தால் பயப்படாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பழைய சேலையை மடித்து வையுங்கள். ஒரே ராத்திரியில் வித்தியாசம் தெரியும்.

'படுத்தபடி புரண்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் அடுத்த பக்கம் படுக்கணும்' என்பது எங்கள் ஊர் வழக்கம். கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால். நீங்கள் புரள்வதால் இல்லை. இடுப்புவலிக்காரப் பெண் ராத்திரியில் நாலு தடவை எழுந்து உட்கார்ந்து படுப்பது கொடுமை. முழங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மெதுவாகப் புரளுங்கள். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுக்கலாம். கை பொறுக்கும் சூடு போதும். வயிற்றில் வைக்காதீர்கள். மாத்திரை விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். மெடிக்கல் கடையில் 'முதுகுவலிக்கு ஒரு மாத்திரை' என்று கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ கொடுத்துவிடக்கூடும். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாயை வயிற்றிலேயே மூடச் செய்யலாம். பாரசிட்டமாலையும் செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுத்தான் போட வேண்டும்.

எந்த வலிக்கு ஓட வேண்டும்? 'சூட்டு வலி' என்று சீரகத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது நம் வீடுகளின் பழக்கம். சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை, காத்திருப்பதால்தான் கெடுதல். இடுப்பு வலிக்கும்போது வயிற்றில் கை வையுங்கள். வலியோடு வயிறும் இறுகி, வலி விடும்போது தளர்ந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். ஒழுங்கான இடைவெளியில் வந்து, நெருங்கிக்கொண்டும் பலப்பட்டுக்கொண்டும் போனால் அது பிரசவ வலி. 37 வாரத்துக்கு முன்னால் அப்படி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் பட்டாலோ, நீர் உடைந்தாலோ, வயிறு தளராமல் பலகைபோல் இருந்தாலோ, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு இருந்தாலோ, கால் மரத்துப்போய்ச் சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'மாதம் நிறைந்தால் அசைவு குறையும்' என்பது தவறான நம்பிக்கை. ராத்திரி என்று தயங்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவ அறைக்குத் துணையாகப் போகும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஒரு வார்த்தை. அவளுக்கு வலி இடுப்பில் என்றால், ஒவ்வொரு வலி வரும்போதும் உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை அவள் முதுகின் அடியில், பிட்டத்துக்குச் சற்று மேலே வைத்து நன்றாக அழுத்துங்கள். எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று அவளே சொல்வாள். அந்தப் பூப்பறிக்கும் பெண்ணுக்கு அவள் நாத்தனார் மூன்று மணி நேரம் அப்படி அழுத்திக்கொண்டிருந்தாள். கை ஓய்ந்துபோய் எடுத்தபோதெல்லாம், "அண்ணி, எடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

வணக்கம்.