செவியால் வேட்டையாடும் பிணங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பாவின் மலிவுத் திகில் படங்களில் சமயம் எப்படிப் புகுந்தது என்று பேசச் சொன்னீர்கள். இத்தாலியில் கன்னிமாடக் கதைகள், ஜெர்மனியில் சூனியக்காரி விசாரணைகள் என்று பலவும் உண்டு. நான் ஸ்பெயினோடு நின்றுகொள்கிறேன். அங்கே திருச்சபை கதைக்குள் வருவதற்கு முன்பே தணிக்கைக் குழுவில் இடம் பிடித்திருந்தது.

1936இல் மூண்ட உள்நாட்டுப் போரை, பின்னாளில் நாட்டின் சர்வாதிகாரியான தளபதி பிராங்கோவின் தரப்பு ‘சிலுவைப் போர்’ என்றே அழைத்தது. ஆயர்களில் பெரும்பாலோர் அதற்குத் துணை நின்றார்கள். வென்ற பிறகு, பாதிரியார்களின் பார்வைக்குத் தப்பிப் படம் எடுப்பது அரிதாகிவிட்டது. ஹசிந்தோ மொலினா ஓநாய் மனிதன் கதை ஒன்றை எழுதினார். ஸ்பானியன் ஒருவன் ஓநாயாக மாறுவதைத் தணிக்கை ஏற்கவில்லை. 1968இல் படம் திரைக்கு வந்தபோது நாயகன் போலந்துக்காரனாகியிருந்தான். ஸ்பானிய மண்ணில் தீமை முளைக்கக் கூடாது என்பது சட்டம் போலவே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1972இல் அமாண்டோ டி ஒஸ்ஸோரியோவின் ‘குருட்டுத் திகிலின் இரவு’ வெளிவந்தது. கதை நடப்பது போர்ச்சுகலில். கீழைநாடு சென்று திரும்பிய டெம்ப்ளர்கள், அதாவது சிலுவைப் போர்க் காலத்துத் துறவிப் படைச் சபை ஒன்றின் வீரர்கள், சாகாவரம் வேண்டி இளம்பெண்களைப் பலியிட்டு இரத்தம் குடிக்கிறார்கள். அதற்காக அந்த வீரர்களைப் பிடித்துத் தூக்கிலிடுகிறார்கள். தொங்கும் பிணங்களின் கண்களைக் காகங்கள் கொத்தித் தின்றுவிடுகின்றன. இடிந்த மடத்தின் கல்லறைகளிலிருந்து இரவில் எழுந்து வருகிறவர்களுக்குப் பார்வை கிடையாது. காது மட்டுமே உண்டு. ஒளிந்திருக்கும் பெண் மூச்சை அடக்கிக்கொள்ளலாம், இதயத்தை எப்படி அடக்குவாள்? அந்தத் துடிப்பே அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே வரலாற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும். 1307இல் டெம்ப்ளர்களைக் கைது செய்தவர் பிரான்ஸ் அரசர் நான்காம் பிலிப். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார். போர்ச்சுகலிலோ அந்த வீரர்கள் வேட்டையாடப்படவில்லை. 1319இல் கிறிஸ்துவின் சபை என்ற புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். ஆக, அவர்கள் தப்பிப் பிழைத்த மண்ணிலேயே அவர்களைத் தூக்கில் போடுகிறது இந்தப் படம். அடித்து வாங்கிய பொய்க் குற்றச்சாட்டுகளின் சாயலை உண்மைக் கதையாகவும் ஆக்கிவிடுகிறது. இந்த அநீதியை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பெண்ணுடலை விற்பனைச் சரக்காக்கிய காட்சிகளையும் அப்படித்தான். உள்நாட்டுக்கு ஆடையோடும் வெளிநாட்டுக்கு ஆடையில்லாமலும் இரண்டு பிரதிகள் எடுப்பது அன்றைய ஸ்பானியத் தயாரிப்பாளர்களின் வழக்கம்.

ஆனாலும் இந்தப் படத்தைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. தன் போரைச் சிலுவைப் போர் என்று கொண்டாடிய ஆட்சியில், சிலுவைப் போர் வீரர்கள் மக்கிய அங்கியும் துருவேறிய வாளுமாக வருகிறார்கள். குதிரைகள் மெதுவசைவில் பாய்கின்றன. ஊர் சுற்ற வந்த இளைஞர்கள் மடிகிறார்கள். இயக்குநர் அப்படி எண்ணித்தான் எடுத்தாரா என்பது எனக்கு முக்கியமல்ல. பார்வையற்ற அதிகாரம் ஒன்று, நெஞ்சுக்குள் நடப்பதைக்கூட ஒட்டுக்கேட்டுக் கொல்கிறது. ஒட்டுக்கேட்கும் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தொடர்ந்து வந்த மூன்று படங்களில் அந்த வேகம் குறைந்தது. மூன்றாவதில் வீரர்களைக் கப்பலில் ஏற்றியதோடு பாதி பயம் போய்விட்டது. நான்காவது வெளிவந்த 1975இல்தான் பிராங்கோ இறந்தார். 1977இல் தணிக்கை ஒழிந்தது. அதன் பிறகு திருச்சபையைக் கேள்வி கேட்க விரும்பிய ஸ்பானிய இயக்குநருக்குக் கதையைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை.